முல்லையாற்றின் அளவையேடு

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் குடும்பங்களில் காலை நாளிதழ் வந்ததும் முதலில் தேடப்படுவது ஒரு சிறு கட்டம். பெரியாறு அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை, இருப்பு இத்தனை மில்லியன் கன அடி. நான்கே வரிகள்தாம். ஆயினும் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை பரந்து கிடக்கும் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தின் வாழ்வும் தாழ்வும் அந்த நான்கு வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. உத்தமபாளையம் வட்டத்தில் 11,807 ஏக்கர், தேனி வட்டத்தில் 2,412 ஏக்கர், போடி வட்டத்தில் 488 ஏக்கர் என அந்நிலம் பகுக்கப்பட்டுள்ளது. ஜூன் முதல் நாளன்று தேக்கடியில் மதகு திறந்தால் முதற்போகம் தழைக்கும். பல ஆண்டுகளில் அந்நாள் தவறியதுண்டு. ஆகஸ்ட் வரை தள்ளிப்போன ஆண்டுகளும் உண்டு.

எத்தனை அடி என்னும் எண் எல்லோர் நாவிலும் இருக்கிறது. ஆனால் அந்த எண் எவ்வாறு பிறந்தது, யார் கணித்தார், எந்த மழையை நம்பிக் கணித்தார் என்னும் வினா நம்மிடையே அரிதாகவே எழுகிறது. 136, 142, 152 ஆகிய மூன்று எண்களை முன்வைத்து இரு மாநிலங்கள் 40 ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடி வந்துள்ளன. இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது அவ்வழக்கின் தீர்ப்பை அன்று, அவ்வெண்களின் வரலாற்றை. மழையின் இயல்பே மாறிவரும் இந்நாளில், பள்ளத்தாக்கின் எதிர்காலம் அணையின் உயரத்தை மட்டுமன்றி, அங்கே எழுதப்படும் அளவையேட்டையும் பொறுத்தது என்பதே நாம் நிறுவ விழையும் கருத்து.

ரவ்ழாத் தீவின் தூண்

நீரை அளக்கும் கலை தொன்மையானது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் மழையை அளக்கும் கலத்தைப் பற்றிப் பேசுகிறது. எனினும், ஓர் ஆற்றின் ஏற்றத்தாழ்வை நூற்றாண்டுக் கணக்கில் எழுதிவைத்த பெருமையில் எகிப்து நாட்டுக்கு இணையாக வேறொன்றைக் காட்டுதல் அரிது. கெய்ரோ நகரை ஒட்டி நைல் ஆற்றின் நடுவே ரவ்ழா என்னும் தீவு இருக்கிறது. அதன் தென்முனையில் கல்லால் கட்டப்பட்ட ஆழமான கிணறு ஒன்றும், அதன் நடுவில் எண்பட்டைப் பளிங்குத் தூண் ஒன்றும் இன்றும் நிற்கின்றன. ஆற்று நீர் மூன்று சுருங்கைகளின் வழியே அக்கிணற்றுக்குள் புகும். தூணில் பொறித்த முழக்குறிகளைக் கொண்டு அதன் உயரத்தை அறிவர். 'மிக்யாஸ்' என்பது அதன் பெயர். அரபியில் அச்சொல்லுக்கு அளக்கும் கருவி என்பதே பொருள். அதற்கு முன்பும் அங்கு அளவுக் கருவிகள் இருந்தன. இன்று நாம் காணும் மிக்யாஸ் அப்பாஸியக் கலீபா அல்-முதவக்கிலின் ஆணைப்படி ஹிஜ்ரி 247-இல், அதாவது கி.பி. 861-இல், கட்டப்பட்டது. வானியல் அறிஞர் அல்-ஃபர்கானீ அப்பணியை மேற்பார்த்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

நீர் 16 முழத்தை எட்டினால் அவ்வாண்டு வளமானது. நிலவரியாகிய கராஜை முழுமையாக வசூலிக்கலாம். 'வஃபாஉந் நீல்', அதாவது நைல் தன் வாக்கை நிறைவேற்றிவிட்டது என ஊரெங்கும் அறிவிப்பர். அதன் பின்னரே கால்வாயின் கரை வெட்டப்பட்டு வயல்களுக்கு நீர் விடப்படும். அளவு குறைந்தால் பஞ்சம். 18, 19 முழங்களைக் கடந்தால் ஊர்கள் நீரில் மூழ்கும். குறையினும் கேடு, மிகினும் கேடு என்னும் உண்மையை அத்தூண் ஒரே நேர்கோட்டில் காட்டியது. ஃபாத்திமிய கலீபா அல்-முஸ்தன்ஸிரின் காலத்தில், ஹிஜ்ரி 457-ஐ ஒட்டித் தொடங்கிய கொடும் பஞ்சம் ஏறத்தாழ ஏழாண்டுகள் நீடித்து எகிப்தை வாட்டியது. பிற்காலத்தில் பஞ்சங்களைப் பற்றித் தனி நூலே எழுதிய அல்-மக்ரீஸீ, நீர் குறைந்ததோடு ஆட்சியின் சீர்கேடும் சேர்ந்தே மக்களைக் கொன்றது என்று வாதிட்டார்.

கம்பத்தைப் பற்றித் தொடங்கிக் கெய்ரோவுக்குச் சென்றது ஏன் என வாசகர் வினவலாம். அந்தத் தூணின் ஏடு 20-ஆம் நூற்றாண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. அதிலிருந்து பெறப்பட்ட பாடம் உலகின் அணைகள் அனைத்துக்கும் உரியதாயிற்று. நம் முல்லையாற்றுக்கும் அது உரியது. அதனை உரிய இடத்தில் காண்போம்.

மேற்கே பாய்ந்த ஆறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் சிவகிரிப் பகுதியில் பிறந்து அரபிக் கடலை நோக்கிப் பாய்வது பெரியாறு. அது பிறக்கும் காடு தென்மேற்குப் பருவ மழையையும் வடகிழக்குப் பருவ மழையையும் ஒருங்கே பெறுவது. அம்மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கோ மழை மறைவுப் பகுதி. மலைக்கு அப்பால் வெள்ளமும் இப்பால் வறட்சியுமாக இருப்பதைக் கண்டவர்க்கு, அந்நீரை இங்கே திருப்பினால் என்ன என்னும் எண்ணம் தோன்றுதல் இயல்பே.

அந்த எண்ணத்தை முதலில் செயலாக்க முனைந்தவர் இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை. 1789-ஐ ஒட்டி அவர் ஆட்களை அனுப்பி மலையை ஆராய்ந்தார். வழி இருந்தது, பொருள் இல்லை. 1808-இல் கும்பினியாரின் சார்பில் ஆராய்ந்த கேப்டன் கால்டுவெல், அத்திட்டம் வெறும் கனவு என்று கருத்துரைத்துக் கைவிடச் செய்தார். 1850-இல் ஒரு சிறு அணைக்கான பணி தொடங்கிக் காய்ச்சலாலும் கூலித் தகராறாலும் நின்றது. 1867-இல் மேஜர் ரைவ்ஸ் மண் அணைத் திட்டம் ஒன்றை வகுத்தார். அதற்குள் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடிற்று. அந்தப் பஞ்சத்தின் பின்னரே, நீரைத் திருப்பும் செலவைக் காட்டிலும் திருப்பாமல் விடுவதன் செலவே பெரிது என்று அரசினர் உணர்ந்தனர். 1882-இல் ஜான் பென்னிகுவிக்கிடம் திட்டத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நீர் தேங்கும் 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் எனக் குத்தகை விதிக்கப்பட்டது. 1970-இல் அது 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 1887-இல் தொடங்கிய கட்டுமானத்தை வெள்ளம் பலமுறை அடித்துச் சென்றது. மலைக் காய்ச்சல் முதலிய நோய்களால் மாண்டவர் மட்டும் 483 பேர் என்று கணக்குண்டு. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் எழுப்பப்பட்ட அவ்வணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து ஏறத்தாழ 5,700 அடி நீளச் சுரங்கம் அமைத்து, மேற்கே செல்லும் நீரைக் கிழக்கே வைகைக்குக் கொணர்ந்தனர். பின்னர் லோயர் கேம்ப்பில் 140 மெகாவாட் நீர் மின்நிலையம் அமைந்தது. அந்நீரையும் தேக்கிக்கொள்ள 1959-இல் வைகை அணை எழுந்தது.

இன்று லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக்குக்கு மணிமண்டபம் உண்டு. ஜனவரி 15 ஆகிய அவரது பிறந்த நாளில் பள்ளத்தாக்கு மக்கள் பொங்கலிட்டு அவரை நினைவுகூர்கின்றனர். நன்றி மறவாமை சிறப்புடையதே. ஆயின் அவர் ஒரு பொறியாளர். மழை இத்தனை அங்குலம், ஆறு இத்தனை கன அடி என்று எழுதிக் கூட்டிக் கழித்து வாழ்ந்தவர். அவர் படத்துக்கு மாலையிடும் நாம் அவர் தொழிலின் உயிராகிய அந்தக் கணக்கை மட்டும் கற்றோமில்லை.

நீரின் பேரேடு

கணக்கு என்றதும் அஞ்சவேண்டுவதில்லை. வணிகக் குடும்பங்கள் நிறைந்த நம் சமுதாயத்துக்கு வரவு செலவு எழுதும் பேரேடு புதியதன்று. நீரியல் அறிஞர்கள் இன்று கணிப்பொறியில் அமைக்கும் மாதிரி என்பதும் அடிப்படையில் ஒரு பேரேடே. மழை வரவு. மண் உறிஞ்சுவதும், மரம் குடிப்பதும், வெயில் கவர்வதும், ஆறாக ஓடுவதும் செலவு. மிஞ்சுவது இருப்பு. 1851-இல் அயர்லாந்தின் முல்வனி, மழையிலிருந்து வெள்ளத்தின் உச்சத்தைக் கணிக்கும் எளிய முறையைத் தந்தார். 1883-இல் ரிப்பிள், ஆண்டு முழுதும் ஒரே சீராக நீர் கொடுக்க அணை எவ்வளவு கொள்ள வேண்டும் என்பதை வரைபடத்தால் காட்டினார். 1932-இல் அமெரிக்கரான ஷெர்மன், ஒரு மலைப்பரப்பில் பெய்த மழை எத்தனை மணி நேரத்தில் எந்த அளவாக ஆற்றை வந்தடையும் என்பதற்கு வழி கூறினார். இன்றைய கணிப்பொறி மாதிரிகள் அம்மூவரின் வழித்தோன்றல்கள்.

இந்தப் பேரேட்டை நம் பள்ளத்தாக்குக்கு எழுதிப் பார்ப்போம். விநாடிக்கு 1 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் பாய்ந்தால் 86,400 கன அடி ஆகும். முதற்போகத்துக்கு விநாடிக்கு 200 கன அடியும் குடிநீருக்கு 100 கன அடியுமாக 120 நாட்கள் நீர் திறப்பது வழக்கம். பெருக்கினால் 311 கோடி கன அடி வரும். நூறு கோடி கன அடியையே டி.எம்.சி. என்கிறோம், ஆகவே தேவை 3.1 டி.எம்.சி.

அணை 152 அடிக்கு நிரம்பினால் 15.6 டி.எம்.சி. கொள்ளும். ஆனால் 104 அடிக்குக் கீழுள்ள 5 டி.எம்.சி. சுரங்கத்துக்கு எட்டாது, எஞ்சிய 10.5 டி.எம்.சி.யே இப்பக்கம் வரத்தக்கது. 142 அடியில் வரத்தக்க இருப்பு 7.6 டி.எம்.சி.; 136 அடியில் சுமார் 6.1. அப்படியாயின் வழக்கின் உயிர்நாடியான அந்த ஆறடி, ஒன்றரை டி.எம்.சி. நீர். பள்ளத்தாக்கின் முதற்போகத் தேவையில் அது பாதி. மதுரை மாநகருக்கு லோயர் கேம்ப்பிலிருந்து நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் குடிநீர் கொண்டுசெல்ல வகுக்கப்பட்ட திட்டத்தின் ஓராண்டுத் தேவையும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆறடிக்காக ஏன் இத்தனை ஆரவாரம் என்று கேட்பவர்க்கு இதுவே விடை.

இரண்டு அச்சங்கள்

அதே பேரேட்டை மலைக்கு அப்பால் வாழ்பவரின் கண்கொண்டும் படித்தல் நீதியாகும். அணையின் நீர்ப்பிடிப்புப் பரப்பு 624 சதுர கிலோமீட்டர். அதன்மீது 1 மில்லிமீட்டர் மழை பெய்து முழுதும் ஓடிவந்தால் 2.2 கோடி கன அடி நீர் சேரும். 70 மில்லிமீட்டர் பெய்தால் ஒன்றரை டி.எம்.சி. அதாவது, ஈரம் ஊறிய காட்டில் ஒரே நாளில் பெய்யும் ஒரு கனமழை அந்த ஆறடி இடைவெளியை நிரப்பிவிட வல்லது. அதனைச் சுரங்கத்தின் வழியே விநாடிக்கு 2,000 கன அடி வீதம் எடுத்துத் தீர்க்க ஒன்பது நாட்கள் வேண்டும். ஒரு நாளில் வருவது, போக ஒன்பது நாள். எஞ்சுவது மதகுகளின் வழியே வண்டிப்பெரியாறு, சப்பாத்து முதலிய ஊர்களின் ஓரமாகவே செல்ல வேண்டும். அங்கே உறங்கும் தாயின் அச்சமும், இங்கே நாற்றங்காலுக்கு நீர் வருமோ என ஏங்கும் உழவனின் அச்சமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

1979 ஆகஸ்ட் 11-இல் குஜராத்தின் மோர்வியில் மச்சூ அணை உடைந்து பல்லாயிரவர் துயருற்றனர். அந்த ஆண்டின் இறுதியிலேயே பெரியாறு அணையின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. மத்திய நீர் ஆணையத்தின் அறிவுரைப்படி அணைக்குக் கான்கிரீட் தொப்பி இட்டும், இரும்பு வடங்களால் பாறையோடு பிணைத்தும், பின்புறம் கான்கிரீட் அண்டை கொடுத்தும் வலுவேற்றினர். 2006 பிப்ரவரி 27-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க இசைவளித்தது. கேரளம் தனிச் சட்டத் திருத்தத்தால் அதனைத் தடுத்தது. 2014 மே 7-இல் அத்திருத்தம் செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் நீர்மட்டம் 35 ஆண்டுகளுக்குப் பின் 142 அடியைத் தொட்டது.

அவ்வழக்கில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இவ்வணைக்கு வரக்கூடிய பெரும வெள்ளம் எவ்வளவு என்னும் கேள்விக்கு இரண்டு விடைகள் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. மத்திய நீர் ஆணையத்தின் கணிப்பு விநாடிக்கு 2.12 லட்சம் கன அடி. கேரளத்துக்காக டில்லி ஐ.ஐ.டி. செய்த கணிப்பு 2.91 லட்சம் கன அடி. மலையும் ஒன்று, ஆறும் ஒன்று. கணிப்பு மட்டும் இரண்டு. எந்த மழையை உச்ச மழையெனக் கொள்வது, அது எத்தனை மணி நேரத்தில் திரண்டு வருமெனக் கொள்வது என்பவற்றில் சிறிது மாறினாலும் விடை பெரிதும் மாறும். நீதிமன்றம் முதற்கணிப்பை ஏற்றது. சிறிய எண்ணாகிய 2.12 லட்சத்தையே எடுத்துக்கொண்டாலும் இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை டி.எம்.சி. வந்து சேரும் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இரண்டு அச்சங்களையும் ஒரே தாளில் எழுத முயன்றதன் பயனே ‘ரூல் கர்வ்’ என வழங்கும் விதிமுறை. ஆண்டைப் பத்துப் பத்து நாட்களாகப் பகுத்து, முந்திய ஆண்டுகளின் வரத்தை ஆராய்ந்து, இன்ன பத்து நாளில் இன்ன அடிக்கு மேல் தேக்கலாகாது என்று அது வகுக்கிறது. மழை மிகும் காலத்தில் வெற்றிடம் விட்டு வைப்பதும், மழை ஓயும் காலத்தில் நிரப்பிக்கொள்வதும் அதன் நோக்கம். 2021 அக்டோபரில் கேரள மலைகளில் பெருமழை பெய்தபோது, நவம்பர் 10 வரை 139.5 அடிக்கு மேல் தேக்க வேண்டா என்று உச்ச நீதிமன்றம் அக்டோபர் 28-இல் பணித்தது இதன்படியே. அன்று முதல் ‘142 அடி’ என்பது ஆண்டு முழுதும் நிலைத்த உரிமை என்பதினின்று, நாளுக்கு நாள் மாறும் கணக்காயிற்று. உரிமை வழக்கு மன்றத்தில் வெல்லப்படலாம். கணக்கில் தேறினால்தான் அது வயலுக்கு வந்து சேரும்.

நூஹும் யூசுஃபும்

இப்போது ரவ்ழாத் தீவுக்குத் திரும்புவோம். எகிப்து அரசின் பணியில் நெடுங்காலம் இருந்தவர் ஹரல்ட் ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயர். அஸ்வானில் பேரணை ஒன்றை எழுப்பினால் அது எவ்வளவு நீரைக் கொள்ள வேண்டும் என்பதை அவர் ஆராய்ந்தார். அதற்கு அவர் நாடியது அரபியர் விட்டுச்சென்ற அளவையேட்டை. கி.பி. 622 முதலான நைல் ஆற்றின் அளவுகள் அதில் இருந்தன. 1951-இல் வெளியிட்ட ஆய்வில் அவர் கண்ட உண்மை பொறியாளரை வியக்கச் செய்தது. நல்ல ஆண்டும் தீய ஆண்டும், சுண்டிய காசில் தலையும் பூவும் விழுவதுபோல் தற்செயலாக மாறி மாறி வருவதில்லை. நல்ல ஆண்டுகள் கூட்டமாக வருகின்றன. தீய ஆண்டுகளும் கூட்டமாகவே வருகின்றன. ஆகவே அணை, ஓராண்டுக் குறையைத் தாங்குவதற்கு மட்டுமன்றிப் பல ஆண்டுக் குறையைத் தாங்குமாறும் அமைய வேண்டும்.

1968-இல் மாண்டல்பிராட், வாலிஸ் ஆகிய இரு அறிஞர்கள் இதற்குப் பெயர் சூட்டினர். வறண்ட ஆண்டுகள் தொடர்ந்து வருவதை யூசுஃப் (அலை) அவர்களின் பெயராலும், எதிர்பாராத பெருவெள்ளம் ஒன்று திடீரென வருவதை நூஹ் (அலை) அவர்களின் பெயராலும் அவர்கள் அழைத்தனர். ஏழாண்டு வளமும் ஏழாண்டு வறட்சியும் நாம் இளமை முதல் கேட்டு வளர்ந்த வரலாறு. அதில் யூசுஃப் நபி செய்தது என்ன? வருவதை முன்னறிவித்ததோடு நின்றாரில்லை. களஞ்சியத்தின் பொறுப்பைக் கேட்டுப் பெற்று, வள ஆண்டில் சேமித்து, வறண்ட ஆண்டில் பகிர்ந்தளித்தார். ஒன்று முன்னறிவு, மற்றொன்று நிர்வாகம். நீரியலார் இன்று ஓயாது வலியுறுத்துவன இவ்விரண்டுமே.

நம் பள்ளத்தாக்கும் இவ்விரு நிலைகளையும் இரண்டே ஆண்டு இடைவெளியில் கண்டது. 2016-இல் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இயல்பைவிட 34 விழுக்காடு குறைந்தது. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. பெரியாற்றுக் காட்டுக்கு மழை கொணரும் இரு வாயில்களும் ஒருசேர அடைபட்டன. 2018 ஆகஸ்ட் 15 முதல் 17 வரை மூன்றே நாளில் கேரளத்தில் சராசரியாக 414 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. இதுபோல் எக்காலத்தும் பெய்ததில்லை என்று பலர் கூறினர். பழைய ஏட்டைப் புரட்டியவர்கள் 1924 ஜூலையில் மூன்று நாளில் 443 மில்லிமீட்டர் பெய்திருந்ததைக் கண்டனர். ஏடு இருந்தது, நினைவு இல்லை.

ஆயினும் பழைய ஏடு மட்டும் இனிப் போதாது. அணைகளின் கணக்கு அனைத்தும், நேற்றைய மழையின் இயல்பே நாளையும் நீடிக்கும் என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்தவை. 2008-இல் மில்லி முதலிய அறிஞர்கள் அந்த நம்பிக்கை இறந்துவிட்டது என்றே அறிவித்தனர். காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 விழுக்காடு கூடும். அரபிக் கடல் வெம்மையுற்று வருகிறது. நடு இந்தியாவில் பரவலான பெருமழை நிகழ்வுகள் 1950 முதல் 2015 வரையிலான காலத்தில் மும்மடங்காயின என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆண்டின் மொத்த மழை அப்படியே இருக்க, அது சில நாட்களில் கொட்டித் தீர்ந்து, இடையே நெடுநாள் வறண்டால், உழவனுக்கு ஏட்டில் வளமும் வயலில் வறட்சியுமாகும். ஆகவே பத்து நாள் விதியும், பெரும வெள்ளக் கணிப்பும், ஒருமுறை எழுதி முத்திரையிட்டுப் பூட்டிவைக்கத் தக்கவை அல்ல. புதிய மழையைக் கொண்டு அவற்றை அவ்வப்போது திருத்தியாக வேண்டும். திருத்துவதற்கு, நாள்தோறும் அளந்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

நாம் செய்யத் தக்கது

நீர்ப்பிடிப்புக் காடு நம் கையில் இல்லை. மதகின் உயரம் நம் கையில் இல்லை. பள்ளத்தாக்கு நம் கையில் இருக்கிறது. மலைமேல் ஒன்றரை டி.எம்.சி. நீரை வைத்திருக்கலாமா என்று வழக்காடும் நாம், சுரங்கம் நாள்தோறும் கொண்டுவருவதைத் தங்கவைக்கும் கண்மாய்கள் எத்தனை தூர்ந்துள்ளன என்று அளந்தோமா? முன்னாளில் குடிமராமத்து என்னும் முறைப்படி ஊரே கூடி மடையையும் கரையையும் செப்பனிட்டது. எந்தக் கண்மாயில் எத்தனை அடி மண் படிந்துள்ளது, அதை அகற்றினால் எத்தனை மில்லியன் கன அடி கூடுதலாகத் தேங்கும் என்று ஊர்தோறும் ஒரு கணக்கு எழுதப்பட்டால், அக்கணக்கு எந்த மேடைப் பேச்சையும் விடப் பயன் தரும். மழை மிகும் மாதங்களில் மலைமேல் வெற்றிடம் விட நேர்ந்தாலும், அந்நீர் கீழே நம் கண்மாயிலும் கிணற்றிலும் திராட்சைத் தோட்டத்தின் நிலத்தடியிலும் இருக்கும்.

அடுத்தது மழைமானி. இந்திய வானிலைத் துறை 1875 முதல் இயங்கி வருகிறது. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அது மழையளவைக் கணக்கிடுகிறது. எனினும் மலையடிவாரத்தில் மேகம் ஓர் ஊரில் பெய்து மறு ஊரை விட்டுவிடும். இடைவெளியுள்ள அளவு நிலையங்களைக் கொண்டு அதனை அறிய இயலாது. மழைமானி விலையுயர்ந்த கருவியன்று. அதனைப் படிக்கப் பட்டப் படிப்பும் வேண்டா. உத்தமபாளையத்தில் 1956 முதல் கல்விப் பணியாற்றிவரும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதிய்யா கல்லூரி போன்ற நிறுவனங்களும், ஊர்ப் பள்ளிகளும், உழவர் சங்கங்களும், மஹல்லா ஜமாஅத்துகளும் ஆளுக்கொன்றாக நிறுவி, காலை 8.30 மணியளவை நாள்தோறும் ஓர் ஏட்டில் எழுதிவரலாம். ஓராண்டில் அது வெறும் எண். பத்தாண்டில் அது சான்று. ஐம்பதாண்டில் அணையின் விதியைத் திருத்தக் கூடும் நீரியலார் நாடி வரும் செல்வம். ரவ்ழாவில் நாள்தோறும் படியிறங்கி முழத்தைக் குறித்துவந்த எழுத்தருக்கு, தம் எண்களைக் கொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் அணையை அளப்பார் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாமலே எழுதினர்.

நீர்ப்பங்கீட்டைப் பேசும் கூட்டங்களில் நம் மக்கள் உரத்த குரலோடு அமர்கின்றனர். ஏட்டோடு அமர்பவர் சிலரே. கணக்கால் வகுக்கப்பட்ட விதியைக் கணக்கால்தான் கேள்வி கேட்க முடியும். இந்தப் பத்து நாளுக்கு இந்த அளவு ஏன், எந்த ஆண்டுகளின் மழையைக் கொண்டு கணித்தீர்கள், அண்மை ஆண்டுகளைச் சேர்த்தீர்களா என்று கேட்கத் தெரிந்த இளைஞர் பத்துப் பேர் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் உருவாகட்டும். அவர்களது கேள்வி மலைக்கு அப்பாலுள்ள ஊர்களின் பாதுகாப்பையும் சேர்த்தே காக்கும். ஏனெனில் சரியான கணக்கு இருபுறத்தார்க்கும் பொதுவானது. ஜூன் முதல் நாளன்று தேக்கடி மதகில் பூத்தூவும் கூட்டத்தில், அவ்வாண்டின் மழையேட்டைக் கையில் ஏந்திய ஒருவரும் நிற்பாராயின், பென்னிகுவிக்குக்கு நாம் பட்ட நன்றிக் கடனில் ஒரு பகுதியேனும் தீர்ந்ததாகும்.